கூத்துக்களத்தில் ஃப்ளாஷ் வேண்டாம்: இரவுப் படங்களும் நாய்ஸும்

(புகைப்பட ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இரவில் ஃப்ளாஷ் போடாமல் படம் எடுப்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "படம் முழுக்க நாய்ஸ், எந்த சாஃப்ட்வேரில் போட்டால் போகும்?" என்பதுதான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசியில்தான் சொல்வேன். நாய்ஸ், அதாவது படத்தில் மணல் இறைத்ததுபோல் தெரியும் புள்ளிகள், பெரும்பாலும் வெளிச்சப் பற்றாக்குறையால் வருவது. அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க நமக்குக் கிடைக்கும் நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நொடி மட்டுமே. அப்போது உள்ளே வராத வெளிச்சத்தை வீட்டுக்கு வந்து கணினியில் உண்டாக்க முடியாது. இன்று நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு கருத்திலிருந்து கிளைப்பவை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்: தெருக்கூத்துக் களம். வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி முதல் ஆடி வரை பாரதக் கூத்து நடக்கிறது. இரவு தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். ஒரு காலத்தில் தீவட்டி வெளிச்சத்தில் ஆடினார்கள். பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. இப்போது ட்யூப் லைட்டும் எல்.இ.டி. விளக்கும். கேமராக்காரனுக்கு இதைவிடக் கடினமான இடம் குறைவு. வெளிச்சம் கம்மி, ஆடுபவர் நிற்பதில்லை, விளக்குக்குக் கீழே பளீர் என்றும் நாலடி தள்ளினால் இருட்டாகவும் இருக்கும்.

அங்கே ஃப்ளாஷ் ஏன் கூடாது? கிரீடத்திலும் மார்பதக்கத்திலும் புஜக்கட்டையிலும் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருக்கிறார்கள். ஃப்ளாஷ் அவற்றில் பட்டுத் தெறித்துப் படத்தில் வெள்ளை வெள்ளையாக ஓட்டை விழும். சுழன்று ஆடிக்கொண்டிருப்பவரின் கண் ஒரு கணம் கூசினால் கால் தடுமாறும். தரையில் உட்கார்ந்து இரவெல்லாம் பார்க்கும் சனத்துக்கும் அது இடைஞ்சல். இவற்றுக்கெல்லாம் மேலாக, மேலிருந்து விழும் அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் அரிதாரத்தின் சிவப்பும் கண்ணுக்குக் கீழே விழும் நிழலும் கூத்தின் முகமாகத் திரள்கின்றன. ஃப்ளாஷ் அந்த வெளிச்சத்தை அழித்துவிட்டுத் தன் வெளிச்சத்தைப் படம் எடுக்கிறது.

சரி, நாய்ஸ் எங்கிருந்து வருகிறது? வெளிச்சம் ஃபோட்டான் என்னும் தனித்தனித் துகள்களாக வருகிறது. அவை வரிசை கட்டிச் சீராக வருவதில்லை. நாற்றங்காலில் கையால் விதைநெல் தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சமாகத் தூவினால் ஒரு சாண் இடத்தில் நாலு மணி, பக்கத்தில் ஒன்று, அதற்கடுத்து ஒன்பது என்று திட்டுத்திட்டாக விழும். அடர்த்தியாகத் தூவினால் எல்லா இடமும் ஒரே சீராகத் தெரியும். தூவும் கை ஒன்றுதான். விழுந்த அளவுதான் வேறு. சென்சாரின் பிக்சல்கள்மேல் வெளிச்சம் விழுவதும் அப்படித்தான்.

இதற்குக் கணக்கு உண்டு. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 10,000 ஃபோட்டான் கிடைத்தால், அதில் வரும் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100. அதாவது நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான் கிடைத்தால் ஏற்ற இறக்கம் 10. பத்தில் ஒரு பங்கு. 9 மட்டுமே கிடைத்தால் 3. மூன்றில் ஒரு பங்கு. ஒரே கறுப்புத் துணியின் அடுத்தடுத்த பிக்சல்கள் வெவ்வேறு அளவில் பதிவாகி, நிழல் பகுதி முழுவதும் மணல் இறைத்ததாகத் தெரிவது இதனால்தான். இதற்கு ஷாட் நாய்ஸ் என்று பெயர். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கேமராவும் இதற்குக் கட்டுப்பட்டதுதான். இந்தக் கணக்கிலிருந்து ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வெளிச்சம் நாலு மடங்கானால், படத்தோடு ஒப்பிட்டு நாய்ஸ் பாதியாகும்.

இது தவிர வேறு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, சென்சார் சேர்த்துவைத்த மின்னூட்டத்தைப் படித்து எண்ணாக மாற்றும்போது வரும் பிசகு. இக்காலச் சென்சார்களில் இது சில எலக்ட்ரான் அளவுக்குக் குறைந்துவிட்டது. 10,000 கிடைத்த இடத்தில் அது பொருட்டே இல்லை. 9 மட்டும் கிடைத்த இருட்டு மூலையில் அதுவும் சேர்ந்து படத்தைக் கெடுக்கும். இரண்டாவது, சூடு. வெளிச்சமே இல்லாதபோதும் சூட்டினால் சென்சாரில் மின்னூட்டம் சேரும். வெப்பநிலை ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி கூடினால் இது இரட்டிப்பாகும். அறுபதில் ஒரு நொடி எடுக்கும் படத்தில் இது தெரியாது. அரை நிமிடம் ஷட்டரைத் திறந்துவைத்தால் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் தெரியும்.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது: நிறம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. நான்கு பிக்சல்களில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. குண்டு பல்பிலும் எண்ணெய் விளக்கிலும் நீல வெளிச்சம் மிகக் குறைவு. ஆகவே நீலத்துக்கான பிக்சல்கள் பட்டினி கிடக்கின்றன. ஒயிட் பேலன்ஸைத் திருத்தி மஞ்சளை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்று நாம் கேட்டால், கேமரா அந்த நீலத்தைப் பல மடங்கு பெருக்குகிறது; கூடவே அதன் நாய்ஸையும் பெருக்குகிறது. அத்தகைய விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கொஞ்சம் மஞ்சளை விட்டுவையுங்கள். நாய்ஸும் குறையும், அந்த இரவின் நிறமும் தங்கும்.

இனி ஐஎஸ்ஓவுக்கு வருவோம். "ஐஎஸ்ஓவைக் கூட்டாதே, நாய்ஸ் வரும்" என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் கூடுதலாக ஒரு ஃபோட்டான்கூட உள்ளே வருவதில்லை என்பது உண்மை. அதேபோல், ஏற்கெனவே வந்த ஃபோட்டானின் தரத்தை அது கெடுப்பதும் இல்லை. கிடைத்த சிக்னலை அது பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 6400-இல் நாய்ஸ் தெரிவதற்குக் காரணம், 6400 தேவைப்படும் அளவுக்கு அங்கே வெளிச்சம் குறைவாக இருப்பது.

இதை நீங்களே சோதிக்கலாம். மங்கலான அறையில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கை வையுங்கள். ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, அப்பெர்ச்சரையும் ஷட்டர் ஸ்பீடையும் மாற்றாமல் இரண்டு ரா (RAW) படங்கள் எடுங்கள்: ஒன்று ஐஎஸ்ஓ 400-இல், மற்றது 3200-இல். 400-இல் எடுத்த படம் இருட்டாக இருக்கும். கணினியில் அதை மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, ஏற்றி மற்றதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில கேமராக்களில் இரண்டும் ஒன்றாக இருக்கும். மற்றவற்றில் 400-இல் எடுத்து ஏற்றிய படத்தின் நிழல்கள்தான் மோசமாக இருக்கும். அவற்றில் பட்டை பட்டையாகக் கோடுகளும் தெரியலாம். குறைந்த ஐஎஸ்ஓவால் கிடைக்கும் ஒரே லாபம், சுடர் மாதிரியான மிகப் பிரகாசமான இடங்கள் வெளுத்துப்போகாமல் தப்புவது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் அப்பெர்ச்சரை முடிந்தவரை திறங்கள். அடுத்து, ஆட்டம் அனுமதிக்கும் அளவுக்கு ஷட்டரை மெதுவாக்குங்கள். இவை இரண்டும் முடிந்த பிறகு படம் சரியான வெளிச்சத்துக்கு வரும்வரை ஐஎஸ்ஓவைத் தயங்காமல் கூட்டுங்கள். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். பல்பு வெளுத்துப்போனால் போகட்டும். முகம் வெளுக்கக் கூடாது, இருட்டில் மூழ்கவும் கூடாது.

அப்பெர்ச்சர் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர். 1920-களின் பிற்பகுதியில் நீதிமன்றங்களிலும் தலைவர்கள் கூடிய மாநாடுகளிலும் ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுத்துப் பெயர் பெற்றவர். அன்றைக்கு உள்ளரங்கில் படம் எடுக்க வேண்டும் என்றால் மெக்னீசியப் பொடியைப் பற்றவைக்க வேண்டும். அறை புகையால் நிறையும். சாலமன் கையில் இருந்தது எர்மானாக்ஸ் என்ற சிறிய கேமரா. அதன் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். கண்ணாடித் தகட்டில்தான் படம். ஒவ்வொரு படத்துக்கும் தகடு மாற்ற வேண்டும். அந்தக் கேமராவைக் கொண்டுதான், தலைவர்கள் தங்களை மறந்து பேசிக்கொண்டும் அயர்ந்து சாய்ந்தும் இருந்த கணங்களை அவர் பதிவு செய்தார். யூதராகப் பிறந்த அவரை நாஜிகள் 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். அவர் நம்பிய அதே எஃப் 1.8 இன்று 50 மி.மீ. லென்ஸாக, பெரிய கேமரா நிறுவனங்களின் மலிவான லென்ஸ்களில் ஒன்றாகக் கடையில் கிடைக்கிறது.

திரைப்படத்திலும் ஒரு சான்று உண்டு. ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளியிட்ட 'பேரி லிண்டன்' படத்தில் சில காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுக்க விரும்பினார். நாசாவின் விண்வெளிப் பணிக்காகச் சைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடி வாங்கி, அதற்கேற்பக் கேமராவை மாற்றியமைத்துப் படம்பிடித்தார். எஃப் 1.4 லென்ஸைவிட நாலு மடங்கு வெளிச்சம். அதற்கு விலையும் இருந்தது: ஃபோகஸில் நிற்கும் ஆழம் மிகக் குறைவு என்பதால் நடிகர்கள் அதிகம் அசையாமல் நடிக்க வேண்டியிருந்தது. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

நமக்கு எஃப் 0.7 தேவையில்லை. கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஸூம் செய்தால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதிலிருந்து எஃப் 1.8-க்கு மாறினால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம். நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். புதிய கேமரா வாங்கப் பணம் சேர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: முதலில் இந்த லென்ஸை வாங்குங்கள்.

இப்போது கூத்துக்களத்துக்கு வாருங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்கிறார்கள். பின்னால் வேடம் பாடிக்கொண்டிருக்கிறது. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால்கள். திரை விலகியதும் வேடம் சுழன்று ஆடுகிறது. இந்தச் சுழற்சியை உறையவைக்க 250-இல் ஒரு நொடியாவது வேண்டும். இந்த வெளிச்சத்தில் அது நாய்ஸை அள்ளிக் கொட்டும். ஆனால் மிருதங்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானம் வந்து விழும் இடத்தில் கால் தரையில் ஊன்றி, உடம்பு ஒரு கணம் நிற்கும். முகம் சனத்தை நேராகப் பார்க்கும். அந்தக் கணத்துக்கு 60-இல் ஒரு நொடி போதும். 250-லிருந்து 60-க்கு வந்தால் நாலு மடங்கு வெளிச்சம், பாதி நாய்ஸ். தாளம் தெரிந்தவர் எடுக்கும் படத்தில் நாய்ஸ் குறைவாக இருக்கும் என்று நான் சொல்வதை மிகையென்று நினைக்க வேண்டாம். கணக்கே அதைத்தான் சொல்கிறது.

நிற்கும் இடமும் முக்கியம். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கிலிருந்து 4 மீட்டர் தள்ளி ஆடுபவர் 2 மீட்டருக்கு வந்தால் அவர் முகத்தில் விழும் வெளிச்சம் நாலு மடங்காகும். ஆட்டக்காரர்கள் களத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எந்த இடத்தில் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று முதல் அரை மணி நேரம் கேமராவைத் தொடாமல் பார்த்து வையுங்கள். பிறகு அந்த இடத்துக்கு அவர் வரும்வரை காத்திருங்கள்.

இன்னொன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். வேகமான ஷட்டரில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். 50-இல் ஒன்று, 100-இல் ஒன்று என்ற வேகங்களில் இந்தச் சிக்கல் மிகவும் குறையும். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் குறுக்கே பட்டைகள் விழலாம். அப்போது மெக்கானிகல் ஷட்டருக்கு மாறுங்கள். ஆக, பாட்டுக்கும் தீர்மானத்துக்கும் எஃப் 2, 50 அல்லது 100-இல் ஒரு நொடி, ஐஎஸ்ஓ 1600-க்கும் 6400-க்கும் நடுவில் என்று தொடங்கினால் பெரும்பாலும் சரியாக வரும். ஒன்றை மறக்காதீர்கள்: கேமராவில் உள்ள ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், ஆடுபவரின் அசைவை அது நிறுத்தாது.

அசையாத பொருளுக்கு வழி இன்னும் சுலபம். இரவில் கோபுரம், மண்டபத்துச் சிற்பம், ஓவியம் இவற்றுக்கு ட்ரைபாடை வைத்து, குறைந்த ஐஎஸ்ஓவில் பல நொடிகள் திறந்துவையுங்கள். சூட்டினால் வரும் புள்ளிகளை நீக்க, கேமராவில் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்' என்று ஒரு வசதி உண்டு. 30 நொடி படம் எடுத்தால், ஷட்டரை மூடி இன்னொரு 30 நொடி எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கும்.

ட்ரைபாட் அனுமதிக்காத இடங்களில் தூணில் சாய்ந்து, ஒரே காட்சியை அடுத்தடுத்து 16 தடவை எடுங்கள். கணினியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால், சிற்பம் 16 படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். நாய்ஸ் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் விழுந்திருக்கும். அதனால் சிற்பம் நிற்கும், நாய்ஸ் நாலில் ஒரு பங்காகும். உங்கள் செல்போனின் நைட் மோட் செய்வதும் இதே வேலைதான். கூகுள் 2018-இல் பிக்சல் போன்களில் கொண்டுவந்த நைட் சைட், ஒரே அழுத்தலில் 15 ஃப்ரேம் வரை எடுத்துப் பொருத்திச் சேர்க்கும். போன் திரையில் காத்திருக்கச் சொல்லும் நொடிகளில் மூச்சை அடக்கி அசையாமல் நில்லுங்கள். ஆடுபவரை மட்டும் அதில் எடுக்காதீர்கள். கை கால் கரைந்துபோகும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் நாய்ஸுக்குத்தான் கணினி. முதலில், ராவில் எடுங்கள். ஜேபெக்கில் கேமரா தானாகவே நாய்ஸைத் துடைத்து, கூடவே நுணுக்கத்தையும் துடைத்துக் கொடுத்துவிடும். அதைத் திருப்ப முடியாது. நாய்ஸில் இரண்டு வகை உண்டு: நிறத்தில் தெரிவது, வெளிச்சத்தில் தெரிவது. சிவப்பும் பச்சையுமாகத் தெரியும் நிற நாய்ஸைத் தாராளமாகக் குறைக்கலாம்; நிறத்தில் உள்ள நுணுக்கத்தை நம் கண் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை. வெளிச்ச நாய்ஸில் கைவைக்கும்போது கவனம் வேண்டும். துணியின் இழையும் தோலின் தன்மையும் அதில்தான் இருக்கின்றன. டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருள்களிலேயே இவை இரண்டையும் தனித்தனியாகக் குறைக்கலாம். ஷார்ப்பனிங் நாய்ஸையும் சேர்த்தே கூர்மையாக்கும் என்பதால் அதை முகத்துக்கும் ஓரங்களுக்கும் மட்டும் கொடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வியப்பூட்டுகின்றன. அடோபி லைட்ரூமில் 2023-இல் வந்த டீநாய்ஸ் வசதியைப் பலரும் பயன்படுத்துகிறீர்கள். நல்ல கருவிதான். ஆனால் அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏராளமான படங்களிலிருந்து கற்றுக்கொண்டதை வைத்து, இங்கே என்ன இருந்திருக்கும் என்று அது ஊகிக்கிறது. அரிதாரத்தில் ஈர்க்குச்சியால் வைத்த நுண்ணிய வெண்புள்ளி, நெற்றியில் வழியும் வேர்வை, இருட்டுப் பிராகாரத்தில் தேய்ந்துபோன கல்வெட்டின் ஒரு கோடு: இவற்றை நாய்ஸ் என்று எண்ணி அது அழித்துவிடலாம், இல்லாத கோட்டை வரைந்தும்விடலாம். ஆவணமாக நிற்க வேண்டிய படத்தில் அதைப் பாதி அளவில் நிறுத்துங்கள். மூல ரா கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். பின்னால் வரும் ஆய்வாளருக்கு அதுதான் சாட்சி.

திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கி நாய்ஸைத் தேடும் பழக்கத்தை விடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 அளவு. அதை 2000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் ஒன்பது பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகும். நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஏ4 தாளில் அச்சிட்டாலும் நாய்ஸ் குறைந்தே தெரியும். திரையில் உறுத்தியது தாளில் தெரியாது. ப்ளரில் கரைந்த முகத்தை மட்டும் எவ்வளவு சுருக்கினாலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே நாய்ஸா, ப்ளரா என்று தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் நாய்ஸை ஏற்றுக்கொள்ளுங்கள். ஃபிலிம் காலத்தில் டிரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருளை ஐஎஸ்ஓ 1600 வரை தள்ளி எடுத்த செய்திப் படங்களில் கிரெய்ன் என்னும் ஃபிலிம் மணிகள் அப்பட்டமாகத் தெரியும். அந்தப் படங்களை நாம் இன்றும் மதிக்கிறோம்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். வரும் பங்குனியில் ஒரு கூத்துக்குப் போங்கள். எஃப் 1.8 லென்ஸோடு, தாளத்தைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். எடுத்தவற்றில் நல்ல இரண்டை அச்சிட்டுக் கூத்து வாத்தியாரின் கையில் கொடுங்கள். அடவு நின்ற இடம் சரியா, கிரீடம் நேராக இருக்கிறதா, கண் பேசுகிறதா என்றுதான் அவர் பார்ப்பார். அவருடைய பரீட்சையில் தேறும் படத்தை எடுக்கப் பாருங்கள். இன்று நான் சொன்ன கணக்கெல்லாம் அதற்கு உதவவே.